காரின் முன்பக்க ஸ்ட்ரட்டை நீங்களே மாற்றுவது எப்படி: வரிசை தவறாத முழுமையான வழிகாட்டி

முன்பக்க ஸ்ட்ரட் மாற்றுவதில் கழற்ற வேண்டிய நட்டும் போல்ட்டும் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுக்கு மேல் போகாது. பொறுமையும் சரியான கருவியும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் ஆளைக் காயப்படுத்தக்கூடிய இரண்டு விஷயங்கள் இதில் உண்டு: தூக்கி நிறுத்திய கார், அமுங்கி நிற்கும் ஸ்பிரிங். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறும் இடங்களைப் பார்த்தால், வேலை தெரியாததைவிட வரிசை மாறிப்போனதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. அதனால் கீழே உள்ள படிகளை முன்பின் மாற்றாமல் போங்கள்.

இங்கே சொல்வது மெக்ஃபர்சன் வகை ஸ்ட்ரட்டுக்கு. ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங், மேல்முனை பானெட்டுக்குள் காரின் உடலோடு, கீழ்முனை சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு, இப்படி இருந்தால் அந்த வகை. மேலும் கீழும் இரண்டு ஆர்ம் உள்ள சஸ்பென்ஷனுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது.

1. ஸ்ட்ரட்தான் பழுதா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

முன்பக்கம் "டொக் டொக்" என்று சத்தம் கேட்டதும் ஸ்ட்ரட் வாங்கிவிடுகிறவர்கள் அதிகம். மாற்றி முடித்த பிறகும் அதே சத்தம் கேட்கும். சிறு மேடு பள்ளங்களில் வரும் அந்தத் தட்டல் சத்தத்துக்குப் பல நேரம் காரணம், ஸ்டெபிலைசர் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பி) ஸ்ட்ரட்டோடு இணைக்கும் மெல்லிய லிங்க் ராட். கார் தரையில் நிற்கும்போதே லிங்க் ராடைக் கையால் பிடித்து வேகமாக அசையுங்கள். முனையில் ஆட்டம் தெரிந்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

ஸ்ட்ரட் தேய்ந்ததற்கு அடையாளங்கள் வேறு. ஸ்ட்ரட்டின் உருளை மேல் எண்ணெய் வழிந்து, அதில் தூசி குழம்பாய் ஒட்டியிருக்கும். ராடுக்கு அருகே மெல்லிய ஈரப்பதம் மட்டும் இருந்தால் அது கசிவில்லை. நல்ல ஸ்ட்ரட்டிலும் அந்த அளவு இருக்கும். டயரின் பட்டையில் கையை ஓட்டினால் மேடும் குழியுமாகத் தட்டுப்படுவது, பிரேக் பிடித்தால் மூக்கு அதிகமாக அமுங்குவது, ஒரு மேட்டைத் தாண்டியபின் இரண்டு மூன்று முறை குதிப்பது எல்லாம் சேர்ந்து வந்தால் சந்தேகமில்லை. பானெட்டை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். முழுதாகச் செத்த ஸ்ட்ரட்டைத்தான் அது காட்டும். பாதி தேய்ந்தது அதில் தேறிவிடும்.

இன்னொன்று, ஸ்ட்ரட்டின் மேல்முனையைக் காரின் உடலோடு பிடிக்கும் மேல் மவுண்டில் உள்ள பேரிங். நின்ற இடத்தில் ஒருவரை ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பச் சொல்லி, ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். சுருள்களுக்கு இடையில் விரல் போகக்கூடாது. பேரிங் நன்றாக இருந்தால் ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு திரும்பும். இறுகிப்போயிருந்தால் ஸ்பிரிங் முதலில் முறுகி, பிறகு "டங்" என்று ஒரு உதறலோடு விடுபடும். அந்த உதறல் உள்ளங்கையில் தெளிவாகத் தெரியும்.

2. முழு அசெம்பிளியா, வெறும் ஸ்ட்ரட்டா?

இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று ஸ்ட்ரட், ஸ்பிரிங், மவுண்ட், பேரிங் எல்லாம் ஏற்கெனவே கோத்து வரும் முழு அசெம்பிளி. மற்றது வெறும் ஸ்ட்ரட். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி அதில் நீங்கள் ஏற்ற வேண்டும்.

முதல் முறை செய்பவர் முழு அசெம்பிளி வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. செலவு கூடும். ஆனால் ஸ்பிரிங்கை அமுக்கும் படி முழுவதுமாகப் போய்விடும், இந்த வேலையின் பாதி ஆபத்தும் அதோடு போய்விடும். உங்கள் காருக்கு அது கிடைக்காவிட்டால் இன்னொரு வழி: ஸ்ட்ரட்டைக் காரிலிருந்து கழற்றுவதை நீங்கள் செய்து, ஸ்பிரிங் மாற்றுவதற்கு மட்டும் சுவரில் பொருத்திய அமுக்கி உள்ள பட்டறைக்கு எடுத்துப் போகலாம்.

எதை வாங்கினாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் கார் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

வெறும் ஸ்ட்ரட் வாங்கினால் கூடவே மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் ரப்பர்), தூசி உறை, புதிய நடு நட் ஆகியவற்றையும் வாங்கிவிடுங்கள். பழைய மவுண்டைப் போட்டு மிச்சம் பிடித்தால், அது போகும்போது மொத்த வேலையையும் மறுபடி செய்ய வேண்டும். பெட்டியைத் திறந்து இடது, வலது சரிபாருங்கள். லிங்க் ராடும் பிரேக் ஹோஸும் பிடிக்கும் தகடுகள் இரண்டு பக்கத்துக்கும் எதிரெதிராக இருக்கும். பழையது காரில் இருக்கும்போதே புதியதைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுவிட்டால், பாதியில் மாட்டிக்கொள்ளும் நிலை வராது.

மின்சாரத்தால் இறுக்கம் மாறும் ஸ்ட்ரட் உள்ள கார் என்றால் அதற்குரிய வகையையே வாங்க வேண்டும். சாதா ஸ்ட்ரட்டை மாட்டினால் எச்சரிக்கை விளக்கு அணையாது.

3. தொடங்கும் முன் கையருகே இருக்க வேண்டியவை

தரையில் ஊன்றும் ஜாக்கி ஒன்று, காரின் எடையைத் தாங்கும் திறன் குறிக்கப்பட்ட ஜாக் ஸ்டாண்டு இரண்டு, பின்சக்கரங்களுக்குத் தடுப்புக் கட்டைகள். டிக்கியில் வரும் கத்தரி ஜாக்கி பஞ்சர் மாற்றுவதற்கு மட்டும்தான்.

சாக்கெட் செட், ரிங் ஸ்பேனர்கள், ஆலன் கீ செட், நீளமான கைப்பிடி, சுத்தியல், கம்பித் தூரிகை, துரு இளக்கும் ஸ்பிரே, கட்டுவதற்குத் தடிமனான கம்பி, பெயின்ட் மார்க்கர். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

இறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடங்காதீர்கள். எந்த நட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது காருக்குக் கார் மாறும். மேல் நட்டுகளுக்குத் தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு கீழ் போல்ட்டுகளுக்குத் தேவைப்படும். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கையோடு போனில் தேடுவது எரிச்சலான வேலை. ஒரு முறை இறுக்கியதும் நீண்டுவிடும் வகை போல்ட்டுகள் சில கார்களில் உண்டு. மேனுவல் "புதியது போடு" என்றால் புதியது போட்டே ஆக வேண்டும்.

வெறும் ஸ்ட்ரட் மாற்றுபவருக்கு மேற்கொண்டு ஸ்பிரிங் அமுக்கி ஒரு ஜோடி வேண்டும். கொக்கிகளில் பூட்டும் ஊசி உள்ளதாகப் பாருங்கள். திருகாணியில் புரி தேய்ந்திருந்தால் இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. முந்தின நாள் மாலை

கீழ் போல்ட்டுகள், லிங்க் ராட் நட், ஹோஸ் தகட்டின் போல்ட் ஆகியவற்றின் புரிகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து ஸ்பிரே அடித்துவிடுங்கள். அழுக்கோடு அடித்தால் எண்ணெய் உள்ளே இறங்காது. பிரேக் டிஸ்க்கில் படாமல் ஒரு துணியால் மறைத்துக்கொள்ளுங்கள்.

பானெட்டைத் திறந்து மேல் நட்டுகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். சில கார்களில் அவை வைப்பர் அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். அப்படியானால் வைப்பர் கைகளையும் கழற்ற வேண்டும். நேரக் கணக்கு அங்கேயே மாறிவிடும்.

5. காரைத் தூக்கி நிறுத்துதல்

சமமான, கெட்டியான தரை. தார்த் தரை என்றால் வெயிலில் இளகி ஸ்டாண்டின் கால் புதையும், அதனால் அடியில் தடித்த பலகை வையுங்கள். கியரைப் போட்டு, ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

சக்கர நட்டுகளைத் தரையில் நிற்கும்போதே கால் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுற்றும், கார் ஆடும்.

முன்பக்கத்தின் இரண்டு பக்கங்களையும் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் நிறுத்துவதே வசதி. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். லிங்க் ராட் கழற்றும்போது துள்ளும், திரும்ப மாட்டும்போது ஓட்டை நேருக்கு வராது. இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் தொங்கினால் பாரில் முறுக்கு இருக்காது.

ஸ்டாண்டை மேனுவல் காட்டும் இடத்தில் மட்டும் வையுங்கள். நக்கிளைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் அடியில் வைத்தால் வேலையே நடக்காது, அந்த ஆர்ம் இறங்கியாக வேண்டும். வைத்தபின் காரின் மூலையை நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள். பிறகு நீளமான கைப்பிடியோடு ஒரு துரு போல்ட்டை இழுக்கும் விசை இந்தத் தள்ளலைவிட அதிகம். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்துக் காரின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஸ்டாண்டு நழுவினாலும் கார் அதன் மேல்தான் உட்காரும்.

6. கழற்றும் முன் படமும் அடையாளமும்

பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், லிங்க் ராட் ஒவ்வொன்றும் எந்தப் பக்கமாகப் போகிறது என்று நான்கைந்து படம் எடுத்துவையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து எல்லா வழியும் சரியான வழி போலத்தான் தெரியும்.

கீழ் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். ஒன்று மட்டும் மையம் விலகிய வாஷரோடு இருந்தால் அது சக்கரத்தின் சாய்வை, அதாவது கேம்பரை, மாற்றும் போல்ட். அது நிற்கும் கோணத்தைப் படமெடுத்து மார்க்கராலும் கோடு போடுங்கள். சாதா போல்ட்டாக இருந்தாலும் ஸ்ட்ரட்டின் தகடு நக்கிளில் உட்காரும் விளிம்பை ஒட்டி நக்கிளின் மேல் ஒரு கோடு இழுங்கள். ஓட்டையில் உள்ள சிறு இடைவெளியே கேம்பரை மாற்றப் போதும். அந்தக் கோட்டுக்குப் புதிய தகட்டைக் கொண்டுவந்தால், சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் செய்யப் போகும் வரையாவது கார் ஓரளவு நேராக ஓடும்.

மேல் மவுண்டிலும் வெளிப்பக்கம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

7. கழற்றும் வரிசை

முதலில் ஹோஸ் தகடும் ஏபிஎஸ் வயரின் பிடிகளும். இவை தளர்வாகத் தொங்க வேண்டும். வயரை இழுத்து விடுவிக்காதீர்கள், உள்ளே அறுந்தால் வெளியே தெரியாது. விளக்கு எரிந்த பிறகுதான் தெரியும்.

அடுத்து லிங்க் ராட். நட்டைச் சுற்றினால் உள்ளே இருக்கும் பந்து முனையும் சேர்ந்து சுற்றும். அதன் நுனியில் ஆலன் கீ நுழையும் குழி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்புங்கள். குழி துருவால் அடைந்திருந்தால் ஊசியால் சுத்தம் செய்தபிறகே ஆலன் கீயை விடுங்கள். அரைகுறையாக நுழைத்தால் குழி வட்டமாகிவிடும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு பக்க லிங்க்கையும் இப்போதே கழற்றிவிடுவது சுலபம்.

மூன்றாவது, லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கியை லேசாகத் தொடும்படி வையுங்கள். ஆர்மின் நுனியில் நக்கிளைப் பிடிக்கும் பால் ஜாயின்டின் ரப்பர் மேல் படக்கூடாது. காரைத் தூக்குவதற்காக இதை வைக்கவில்லை. போல்ட் வெளியே வந்ததும் ஆர்ம் திடீரென்று விழாமல் இருக்கத்தான்.

நான்காவது, கீழ் போல்ட்டுகளின் நட்டைத் தளர்த்துங்கள். பல கார்களில் போல்ட்டின் தலைக்கு அருகே பற்கள் வெட்டியிருக்கும், அவை ஓட்டையைக் கவ்வியிருக்கும். அதனால் போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்து நட்டை மட்டும் சுற்ற வேண்டும். தலையைச் சுற்றினால் பற்கள் நக்கிளின் ஓட்டையைத் துருவிவிடும். புதிய போல்ட் வாங்கினாலும் அந்த ஓட்டை திரும்பி வராது. நட்டைப் புரியின் நுனிக்குச் சமமாக வரும்வரை கழற்றி, அதன் மேல் தட்டி போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள். நட் மேல் அடி விழுவதால் புரி தப்பிக்கும்.

இப்போது மேலே வாருங்கள். மேல் மவுண்டைச் சுற்றி உள்ள இரண்டு அல்லது மூன்று சிறு நட்டுகளில் ஒன்றை மட்டும் விரல் இறுக்கத்தில் விட்டு மற்றவற்றை எடுங்கள்.

நடுவில் உள்ள பெரிய நட்டைத் தொடாதீர்கள். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் முதலில் படுவது அதுதான், கை அங்கேதான் போகும். அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அந்த ஒரு நட் மட்டுமே. காரில் இருக்கும்போது அதைக் கழற்றினால் ஸ்பிரிங் மொத்த விசையோடு விடுபடும்.

கடைசியாக, கீழ் போல்ட்டுகளை உருவுங்கள். உருவியதும் நக்கிளின் தலை வெளிப்பக்கமாகச் சாயும். இரண்டு சேதம் இங்கே நடக்கும்: பிரேக் ஹோஸ் இழுபடும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் கழன்று வரும். போல்ட்டை உருவுவதற்கு முன்பே கம்பியைத் தயாராக வைத்திருந்து, நக்கிளை ஸ்பிரிங் இல்லாத உறுதியான ஓரிடத்தில் கட்டிவிடுங்கள். பிறகு ஒரு கையால் ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் மேலே மிச்சமிருக்கும் நட்டை எடுங்கள். உதவிக்கு ஆள் இருந்தால் அவரை இந்த நேரத்தில் கூப்பிடுங்கள். ஸ்ட்ரட் எதிர்பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும், வெளியே வரும்போது வீல் ஆர்ச்சின் பெயின்ட்டையும் உரசும்.

முழு அசெம்பிளி வாங்கியவர்கள் இங்கிருந்து நேராகப் பத்தாம் படிக்குப் போகலாம்.

8. ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றுதல்

இதில் உள்ள விசையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 25 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங்கை 120 மில்லிமீட்டர் அமுக்கினால் அது 3000 நியூட்டன் விசையோடு திருப்பித் தள்ளும். ஏறக்குறைய 300 கிலோ எடைக்குச் சமம். ஒரு கொக்கி நழுவினால் அது அத்தனையும் ஒரே நொடியில் வெளியே வரும்.

ஸ்ட்ரட்டை வைஸில் கீழ்த் தகட்டைக் கவ்வி நிறுத்துங்கள். உருளையைக் கவ்வினால் நசுங்கி ஸ்ட்ரட் போய்விடும். பழையது என்றாலும் நழுவும் அபாயம் இருக்கிறது. ஸ்பிரிங்கின் நுனி மேலும் கீழும் எந்த இடத்தில் முட்டி நிற்கிறது என்று குறியுங்கள்.

இரண்டு அமுக்கிகளையும் நேரெதிராக மாட்டுங்கள். முடிந்தவரை அதிகச் சுருள்களை உள்ளடக்கிப் பிடியுங்கள். நான்கு கொக்கிகளும் சுருளில் முழுதாக உட்கார்ந்து, பூட்டு ஊசி போட்டாகிவிட்டதா என்று தொட்டுப் பாருங்கள். திருகாணிக்கு கிரீஸ் தடவுங்கள்.

பிறகு ஒரு பக்கம் இரண்டு சுற்று, மறுபக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறி, கைக்கருவியால் மட்டும். ஒரு பக்கத்தை அதிகமாக இறுக்கினால் ஸ்பிரிங் வாழைப்பழம் போல வளையும். வளைந்தால் கொக்கி சுருளின் மேல் வழுக்க ஆரம்பிக்கும். இம்பாக்ட் கன் வைத்தால் திருகாணி சூடேறி புரி கவ்விக்கொள்ளும், எவ்வளவு அமுங்கியது என்பதும் கைக்குத் தெரியாது. ஸ்ட்ரட்டின் மேல்முனைக்கு நேராகவும் கீழ்முனைக்கு நேராகவும் முகமோ வயிறோ இருக்கக்கூடாது. பக்கவாட்டில் நில்லுங்கள், அருகில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

எவ்வளவு அமுக்குவது? மேல் தட்டிலிருந்து ஸ்பிரிங் விடுபட்டு, கையால் திருப்பினால் தட்டு லேசாக அசையும் வரை. அதற்கு மேல் வேண்டாம். அசைவு தெரியாவிட்டால் நடு நட்டைத் தொடாதீர்கள்.

அசைவு தெரிந்த பிறகு, ராடின் நுனியில் ஆலன் கீயைப் பிடித்துக்கொண்டு, வளைந்த ரிங் ஸ்பேனரால் நடு நட்டைக் கழற்றுங்கள். மவுண்ட், பேரிங், மேல் தட்டு, ஸ்பிரிங், தூசி உறை, பம்ப் ஸ்டாப் என்று வரும் வரிசையிலேயே தரையில் அடுக்குங்கள். அமுங்கிய ஸ்பிரிங்கைத் தூக்கி எறிவதோ உருள விடுவதோ கூடாது. சாப்பிடப் போவதாக இருந்தால் அமுக்கியைத் தளர்த்திவிட்டுப் போங்கள்.

இந்த நேரத்தில் ஸ்பிரிங்கின் பூச்சைப் பாருங்கள். உரிந்து துருக்குழி விழுந்திருந்தால் ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள். ஸ்பிரிங் உடைவது அந்தக் குழிகளில் இருந்துதான்.

9. புதிய ஸ்ட்ரட்டை அடுக்குதல்

பெட்டியில் படுத்தே கிடந்த ஸ்ட்ரட்டின் உள்ளே காற்று எண்ணெய்ப் பக்கம் வந்திருக்கும். நேராக நிறுத்தி, ராடை மெதுவாகக் கடைசிவரை அமுக்கி, மறுபடி முழுதாக எழ விடுங்கள். நான்கைந்து முறை செய்தால் நடுவில் இருந்த வெற்றுத் தொய்வு மறைந்து ஒரே சீராக இறுகும். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டுப் புது ஸ்ட்ரட் சத்தம் போடுகிறது என்பவர்கள் உண்டு. ராடை அமுக்கிக் கட்டிய பட்டையோடு வந்திருந்தால், வெட்டும்போது நுனிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

பளபளக்கும் ராடைப் பிளையரால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் போதும், அது ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் சீலை அறுக்கும்.

பம்ப் ஸ்டாப், தூசி உறை, ஸ்பிரிங், மேல் தட்டு, பேரிங், மவுண்ட், நட் என்பது பொதுவான வரிசை. அடிக்கடி தவறுவது பேரிங். தலைகீழாகவும் அது உட்கார்ந்துவிடும், ஆனால் சுற்றாது. பழையது இருந்த திசையைப் பாருங்கள். ஸ்பிரிங்கின் கீழ்நுனி தட்டில் உள்ள படியில் முட்டி நிற்க வேண்டும். மவுண்டின் வெளிப்பக்கக் குறி, கீழ்த் தகட்டைப் பொறுத்துப் பழையபடி அமைய வேண்டும்.

நடு நட்டை மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கிய பிறகே அமுக்கிகளை விட வேண்டும். அப்போதும் மாறி மாறி இரண்டு சுற்றுதான். நுனி படியை விட்டு விலகாமல் இறங்குகிறதா என்று ஒவ்வொரு சில சுற்றுக்கும் பாருங்கள்.

10. காரில் மாட்டுதல்

மேல்முனையை ஓட்டைகளில் நுழைத்து ஒரு நட்டைக் கையால் நாலு புரி ஏற்றுங்கள். பிறகு மற்றவை, எல்லாமே கை இறுக்கம். இப்போதே இறுக்கினால் கீழே நக்கிள் நேருக்கு வராது.

நக்கிளைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்து, தகட்டுக்குள் தள்ளிக் கீழ் போல்ட்டை நுழையுங்கள். உயரம் போதவில்லையென்றால் லோயர் ஆர்மை ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். ஸ்டாண்டை விட்டுக் கார் எழும்பத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். போல்ட் பழைய திசையிலேயே நுழைய வேண்டும், நட் எதிலும் உரசாமல் இருக்க அதுதான் வழி. பல் உள்ள போல்ட்டைத் தட்டி உள்ளே ஏற்றுங்கள், சுற்றி ஏற்றாதீர்கள்.

நக்கிளில் போட்ட கோட்டுக்குத் தகட்டின் விளிம்பைக் கொண்டுவந்து, அதே நிலையில் பிடித்துக்கொண்டு டார்க் ரெஞ்சால் கீழ் நட்டுகளை இறுக்குங்கள். அடுத்து மேல் நட்டுகள். இவற்றுக்கான அளவு சிறியது. "நன்றாக இறுகட்டும்" என்று ஒரு இழுப்பு கூடப் போட்டால் நட் ஏறும் ஸ்டட் அறுந்துவிடும், மவுண்ட் முழுவதையும் மாற்ற வேண்டும்.

பிறகு ஹோஸ் தகடு, வயர் பிடிகள், மறுபக்கமும் முடிந்தபின் இரண்டு லிங்க் ராட். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பி, ஹோஸும் வயரும் எங்கும் முறுக்கவோ இழுபடவோ ஸ்பிரிங்கில் தொடவோ இல்லை என்று பாருங்கள். சக்கரத்தை மாட்டுவதற்கு முன் செய்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

11. தரையில் இறக்குதல்

சக்கரத்தை மாட்டி நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கையால் இறுக்கி, காரை இறக்கி, அதே குறுக்கு வரிசையில் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். காரை முன்னும் பின்னும் சில அடி தள்ளினால் சஸ்பென்ஷன் தன் இயல்பான உயரத்துக்கு வரும். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைப் பிடிக்கும் போல்ட்டை ஏதாவது காரணத்துக்காகத் தளர்த்தியிருந்தால், அதன் கடைசி இறுக்கம் இப்போதுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுகியே நின்று சீக்கிரம் கிழியும்.

12. முதல் ஓட்டமும் சத்தங்களும்

முதலில் நடை வேகம், ரேடியோ வேண்டாம். பிரேக் மிதி வழக்கம் போல இருக்கிறதா என்று நகரும் முன்பே அழுத்திப் பாருங்கள்.

சிறு மேடுகளில் தட்டல் கேட்டால் லிங்க் ராட் நட் அல்லது மேல் நட்டுகள் தளர்வு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் "டங்" என்றால் ஸ்பிரிங்கின் நுனி படியில் உட்காரவில்லை, அல்லது பேரிங் தலைகீழ். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரச் சோம்பினால் அதுவும் பேரிங்தான். ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் வயரின் பிளக்கைப் பாருங்கள். இவற்றில் எதுவும் "ஓட ஓடச் சரியாகிவிடும்" வகை கிடையாது.

கார் முன்பைவிடச் சற்று உயரமாகத் தெரிந்தால், புதிய ஸ்பிரிங்கோடு வந்த முழு அசெம்பிளி என்றால் அது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் உயரம் என்றால் நிறுத்திப் பாருங்கள்.

13. அலைன்மென்ட்டும் மறு இறுக்கமும்

எவ்வளவு கவனமாகக் கோடு போட்டிருந்தாலும் அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும். கேம்பர் சிறிது மாறினால் கூடவே டோவும் (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் கோணம்) மாறும், டோ தவறினால் டயரின் ஓரம் வேகமாகத் தேயும். சஸ்பென்ஷனைக் கழற்றியதாகச் சொல்லுங்கள். அப்போதுதான் டோ மட்டும் பார்த்து விடாமல் கேம்பரையும் பார்ப்பார்கள். ஸ்டியரிங் கோண சென்சார் உள்ள கார்களில் அதை மறுபடி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கலாம், அதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். பானெட்டைத் திறந்து மேல் நட்டுகளையும் பார்த்துவிடுங்கள்.

பழைய ஸ்ட்ரட்டை அறுத்தோ சூடுபடுத்தியோ பார்க்காதீர்கள். கேஸ் நிரப்பிய வகையில் உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கும். எண்ணெய் ஒழுகாமல் ஒரு பையில் கட்டி, உலோகக் கழிவு எடுப்பவரிடம் அது கேஸ் ஸ்ட்ரட் என்று சொல்லிக் கொடுங்கள்.